தானம் குடுத்தா பேப்பர்ல வருமா?

கேள்வி: அக்கா, சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் சின்னதா ஒரு தையல் கடை வெச்சிருக்கேன். ரெண்டு மிஷின், நானும் இன்னொரு அக்காவும்தான். விளம்பரம் போடுற அளவுக்கு கையில காசு இல்ல. ஒரு முதியோர் இல்லத்துக்கு ஹேம்பர் (பரிசுக் கூடை) குடுத்து சின்னதா விழா வெச்சா தமிழ் முரசு பேப்பர்லயோ வசந்தம் டிவிலயோ நியூஸ் வருமா? இப்படி நினைக்கிறதே தப்போன்னும் ஒரு பக்கம் தோணுது. (ஈசூன் வாசகி)

பதில்: தப்பே இல்லம்மா, நல்லது செஞ்சு அதுல கடை பேரும் நாலு பேருக்கு தெரிஞ்சா யாருக்கு என்ன நஷ்டம். ஆனா ஹேம்பர் வேணாம். தீபாவளி நெருங்குனா எத்தனையோ கடைக்காரங்க ஹேம்பர் குடுத்து போட்டோ அனுப்புறாங்க, நிருபருக்கு அதுல எழுத என்ன இருக்கு சொல்லுங்க. உங்க கையில தையல் இருக்கு, அத குடுங்க. இல்லத்துல இருக்கற வயசானவங்க நிறைய பேருக்கு விரல் நடுங்கும், பட்டன் போட முடியாது, கைய தூக்கி சட்டை மாட்டவும் முடியாது, அவங்க சட்டைல பட்டன எடுத்துட்டு வெல்க்ரோ வெச்சு தெச்சு குடுத்தா அவங்களுக்கும் நிம்மதி, கவனிச்சுக்கற நர்ஸுக்கும் நிம்மதி. மிஷின அங்கயே கொண்டு போய் வெச்சு ஒரு சனிக்கிழமை பூரா தெச்சு குடுங்க, அதுதான் நியூஸ். ஒரு தாத்தா ரொம்ப நாளைக்கு அப்புறம் தானே சட்டை போட்டுக்கிட்டாருன்னா அத எழுத எந்த நிருபரும் வருவாங்க.

முதல்ல இல்லத்துல இருக்கறவங்ககிட்ட கேளுங்க, அவங்களுக்கு என்ன வேணும்னு. நாமளா முடிவு பண்ணிட்டு போய் நிக்கக்கூடாது. அவங்க சரின்னு சொன்ன பிறகு விழாவுக்கு பத்து நாள் முன்னாடி ஒரே பக்கத்துல தமிழ்ல எழுதி முரசு, வசந்தம், ஒலி 96.8 ரேடியோ மூணு பேருக்கும் அனுப்புங்க. யாருக்காக, என்ன, எங்க, எத்தனை மணிக்கு, கூப்பிட்டா எடுக்கற ஒரு போன் நம்பர், அவ்வளவு போதும். கடையோட பெருமை எல்லாம் அதுல எழுதாதீங்க, அது விளம்பரம்னு முதல் வரியிலயே தெரிஞ்சுடும். அனுப்பிட்டு ஒரு தடவை போன் பண்ணி கேளுங்க, விடாம தொந்தரவு பண்ண வேணாம். தீபாவளி சமயத்துல பக்கம் நெரிசலா இருக்கும், அத விட்டுட்டு வேற மாசமா பாருங்க. யாரும் வரலன்னா அன்னைக்கு சாயங்காலமே நல்ல படம் ரெண்டு, இடமிருந்து வலமா யார் யாருன்னு பேரோட அனுப்பி வைங்க.

படம்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு விழாவுக்கு போயிருந்தேன், பெரிய அட்டைல செஞ்ச செக்க தூக்கிட்டு கடைக்காரங்க நடுவுல நிக்கறாங்க, கேமராக்காரர் வர லேட்டுன்னு வயசான பாட்டிங்கள எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி உட்கார வெச்சு சாப்பிட விடாம வெச்சிருந்தாங்க, சோறு ஆறிப்போச்சு. இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு மனசு ஆறல. சம்மதம் கேக்காம யார் முகத்தையும் எடுக்காதீங்க, மறதி நோய் உள்ளவங்கன்னா குடும்பத்துக்கிட்ட இல்லம் மூலமா கேளுங்க. சாப்பாட்டு நேரத்துல கேமராவே வேணாம்.

'ஒரு ரவிக்கைக்கு 5 வெள்ளி (டாலர்) இல்லத்துக்கு'ன்னு கடையில போர்டு வைக்கறதா இருந்தா, அவங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டு அப்புறம் வைங்க. முடிஞ்சதும் எத்தனை ரவிக்கை, எவ்வளவு குடுத்தோம்னு அதே போர்டுல எழுதி ஒட்டுங்க. கணக்கு காட்டாத கடைய நானே நம்ப மாட்டேன். உங்க சொந்தப் பணத்த குடுக்கறீங்கன்னா அந்த இல்லத்துக்கு ஐபிசி தகுதி (குடுக்கறவங்களுக்கு வரிக் கழிவு கிடைக்கற அறநிறுவனம்ங்கற அங்கீகாரம்) இருக்கான்னு பாருங்க, இருந்தா 250 சதவீதம் வரிக் கழிவு உண்டு, அதாவது 1,000 வெள்ளி குடுத்தா வருமானத்துல 2,500 வெள்ளிய கழிச்சுட்டுதான் வரி கணக்கு போடுவாங்க. ஆனா கஸ்டமர் போட்ட காச உங்க காசுன்னு காட்டிடாதீங்க.

ஒரு நியூஸ் வந்ததுமே கடை நிறைஞ்சுடாது. அந்த பக்கத்த வெட்டி பிரேம் போட்டு கடையில மாட்டுங்க, ஃபேஸ்புக்ல போடுங்க. அடுத்த வருஷமும் அதே இல்லத்துக்கு போங்க, அப்போ நிருபர் உங்கள ஞாபகம் வெச்சிருப்பாங்க.

கேள்வி: ஊர்ல நாங்க படிச்ச ஸ்கூலுக்காக கடை வாசல்ல உண்டியல் வைக்கலாமா? (ஜூரோங் வாசகர்)

பதில்: அனுமதி இல்லாம வைக்காதீங்க தம்பி. வெளிநாட்டு காரியத்துக்காக இங்க பொதுமக்கள்கிட்ட பணம் திரட்ட அறநிறுவன ஆணையர்கிட்ட பெர்மிட் வாங்கணும், தெருவுல உண்டியல் குலுக்கறதுக்கும் தனியா லைசென்ஸ் இருக்கு. நீங்க பழைய மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து உங்க சொந்தக் காச போட்டு அனுப்புங்க, அதுதான் சுலபம்.