138 கட்-ஆஃப்புக்கு மேனேஜ்மென்ட் சீட்தான் வழியா?

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து படிக்கிற பையன்தான். ஆனாலும் கணிதம் 66, இயற்பியல் 74, வேதியியல் 70. இந்த மார்க்குக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் உருப்படியான கல்லூரி கிடைக்காது, மேனேஜ்மென்ட் சீட் போட்டுவிடலாம் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். 20,000 ரூபாய் முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கேட்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் படித்ததில்லை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டையுமே.

கட்-ஆஃப் கணக்கில் கணிதம் முழுசாக, மற்ற இரண்டும் பாதியாக. 66, 37, 35 என்று கூட்டினால் 200க்கு 138. பெரிய கல்லூரிகள் எட்டாது, உண்மை. ஆனால் கவுன்சிலிங் முடிந்த பிறகும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. கன்சல்டன்ட் சொல்லும் கல்லூரியை டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) தளத்தில் சென்ற ஆண்டு கட்-ஆஃப் பட்டியலில் தேடுங்கள். அதே பாடப்பிரிவு, உங்கள் சாதிப் பிரிவு வரிசையில் 138க்கும் கீழே இறங்கியிருந்தால், கவுன்சிலிங்கில் வரக்கூடிய சீட்டைத்தான் அவர் உங்களுக்கு விற்கிறார்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, குடும்பத்தில் யாரும் பட்டம் படித்ததில்லை என்பதுதான். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை, கவுன்சிலிங் வழியாக வாங்கிய இடத்துக்கு மட்டும்தான். அதே கல்லூரி, அதே வகுப்பறை, அதே பெஞ்ச். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் சலுகை கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அண்ணனோ அக்காவோ வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். சேர்ந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த ஒரு விவரத்தை மார்க் ஷீட்டோடு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க நம் துறைகளுக்கு இன்னும் மனம் வரவில்லை. புரோக்கர்கள் பிழைப்பது அந்த மௌனத்தில்தான்.

அடுத்தது, கவுன்சிலிங்கில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்தித் தரும் விருப்பப் பட்டியல். "மேலே பெரிய கல்லூரி போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்பது சுத்தப் பொய். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறார்கள், அவ்வளவுதான். ஆசைப்பட்டதை மேலே எழுதுங்கள், நிச்சயம் வரக்கூடியதைக் கீழே நிறைய எழுதுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

"நாங்களே இலவசமாக பில்-அப் செய்து தருகிறோம்" என்பவரிடம் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் சொல்லாதீர்கள். அப்படி நிரப்பிய ஒரு பட்டியலைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு வரிகளும் ஒரே டிரஸ்ட் நடத்தும் கல்லூரிகள். பையன் கேட்ட பாடப்பிரிவு ஏழாவது வரியில்! உதவி வேண்டுமென்றால் மாவட்டந்தோறும் டி.என்.இ.ஏ. சேவை மையங்கள் இருக்கின்றன, காசு கேட்க மாட்டார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய ஓரிரு நாள்தான் தருவார்கள். அந்த நாட்களில் கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போய்விடாதீர்கள்.

உழைக்கிற பையனுக்குப் பளபளப்பான கட்டடத்தைவிட பாடம் நடக்கும் கல்லூரி முக்கியம். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். சனிக்கிழமை அல்ல, வேலை நாளில் நேரில் போய், இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கணிதத்துக்கு யார் எடுக்கிறார்கள், வருஷ நடுவில் ஆள் மாறினார்களா என்று கேளுங்கள்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடித்துவைக்க ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி கல்லூரிக்கே உரிமையில்லை. கன்சல்டன்டுக்கு எங்கிருந்து வந்தது? இதற்குள் கொடுத்துவிட்டிருந்தால், நாளைக் காலையில் நேரில் போய் வாங்கிக்கொண்டு வாருங்கள். போனில் பேச வேண்டாம்.