சூடு வைப்பதா, களிம்பா?

முதலில் களிம்பு. காட்பாடியில் ஒரு மருத்துவர் களிம்பு போதும் என்கிறார், இன்னொருவர் சில்வர் நைட்ரேட் என்ற இரசாயனத்தால் மூக்கினுள் இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் சூடு வைக்கலாம் என்கிறார், மூக்கில் அடிக்கடி இரத்தம் வரும் எட்டு வயதுப் பையனுக்கு எது என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது கிருமிநாசினிக் களிம்புக்கும் சூட்டுக்கும் பலனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சூடு எரியும், பையன் அசையாமல் உட்கார வேண்டும். நான்கு வாரம் களிம்பு தடவியும் நிற்காவிட்டால் அதற்குப் போகலாம். அப்போதும் ஒரே நாளில் இரு பக்கமும் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழக்கூடும்.

கோடையில் மட்டும் வருகிறது என்கிறீர்கள். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மூக்கின் உட்தோல் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது. பையன் அதை நோண்டுகிறான். அவனுடைய விரல் நகத்தை ஒருமுறை பாருங்கள்.

அடுத்த முறை இரத்தம் வரும்போது எங்கே பிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். பலரும் மேலே எலும்பைப் பிடிக்கிறார்கள், பயனில்லை. கீழே மென்மையான பகுதியை, தலையை முன்னால் சாய்த்து, கடிகாரம் பார்த்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். தலையை அண்ணாந்து வைக்கச் சொல்லும் பாட்டிமார் எல்லா வீட்டிலும் உண்டு. இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்திதான் வரும்.

30 நிமிடம் ஆகியும் நிற்காவிட்டாலோ, காய்ச்சல், ஈறில் இரத்தம், உடம்பில் காரணமில்லாத கன்றல் சேர்ந்தாலோ களிம்பை நம்பி இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டெங்குவிலும் இப்படி வரும்.