வரியும் கொடையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பினாங்கில் உணவகம் நடத்துகிறேன். ரொக்கமாக வருவதில் ஒரு பகுதியை நான் வருமான வரிக் கணக்கில் காட்டுவதில்லை. அரசு நிறுவனமான எஸ்ஆர்சியின் பண மோசடி வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்பின் 12 ஆண்டுச் சிறையே 6 ஆண்டாகக் குறைந்தது. என்னைப் போன்ற சிறிய கடைக்காரனைத்தான் வருமான வரி வாரியம் துரத்துகிறது. மிச்சப்படுத்தியதை நான் விழுங்கிவிடவும் இல்லை. கோயில் அன்னதானத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கொடுக்கிறேன். அரசாங்கத்திடம் கொடுப்பதைவிட இது மேல் அல்லவா? விற்பனையை வாரியத்துக்குக் காட்டிவிடும் மின்விலைப்பட்டியலான இ-இன்வோய்ஸை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. நான் செய்வது குற்றமா, பாவமா?

கு.

அன்புள்ள கு.,

நீங்கள் கேட்டதைச் சில காலமாக நானும் மனத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் பெயரை மறைத்துப் பொதுவில் பதில் எழுதுகிறேன். குற்றம் என்பதில் ஐயமில்லை. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 114ஆவது பிரிவு, வேண்டுமென்றே வரி ஏய்ப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறையும், 20,000 ரிங்கிட் வரை அபராதமும், ஏய்த்த வரியின் மூன்று மடங்கு தண்டமும் வைத்திருக்கிறது. அவரவர் வரியை அவரவரே கணக்கிடும் முறை தனிநபர்களுக்கு 2004இல் வந்த பிறகு, படிவத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் உங்கள் வாக்குமூலம். இ-இன்வோய்ஸைப் பற்றி உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். முன்னாள் பிரதமரின் தண்டனை குறைந்ததில் எனக்கும் கசப்பு உண்டு, ஆனால் அவர் உங்கள் கல்லாப்பெட்டிக்குச் சாட்சி சொல்ல வரப்போவதில்லை.

என்னை உறுத்தியது அந்த அன்னதானம்தான்.

என் சின்னம்மா ஜார்ஜ்டவுனில் ஒரு துணிக்கடையில் இளமை முழுவதும் வேலை பார்த்தார். முதலாளி பெரிய வள்ளல். கும்பாபிஷேக மலரில் அவர் படம் முன்பக்கத்தில் இருக்கும். சின்னம்மாவின் சம்பளம் பாதி சம்பளச் சீட்டோடும் மறுபாதி வெறும் உறையிலும் வரும். விற்பனையைக் குறைத்துக் காட்டுகிற கடை சம்பளத்தையும் குறைத்துத்தான் காட்ட வேண்டும், இல்லையென்றால் கணக்கு உதைக்கும். ஊழியர் சேமநிதிக்கான பங்கு, இன்றைய விகிதத்தில் அவரைப் போன்றவர்களுக்குத் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு, சீட்டில் எழுதிய தொகைக்கு மட்டுமே கட்டப்பட்டது. 55 வயதில் பணம் எடுக்கப் போனபோது, உறையில் வந்த பாதிக்கு அங்கே ஒரு காசும் இல்லை. அவர் முதலாளியைத் திட்டவில்லை. “கோயிலுக்கு நிறையச் செஞ்சவருதானே” என்றார். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் ஆறவில்லை.

தம்பி, உங்கள் கடையில் ரொட்டி போடுகிறவருக்கும் மேசை துடைக்கிறவருக்கும் எப்படிச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லையே.

வரி கட்டாமல் வள்ளலாவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 1910இல், பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களை ஆண்ட பிரிட்டிஷ் அரசு வருமான வரி கொண்டுவர முனைந்தபோது, வணிகர்கள் கூடி எதிர்த்து அதைக் கைவிட வைத்தார்கள். வருமானத்துக்கு வரி இல்லாமல் அரசு எதில் நடந்தது? பெரும்பங்கு அபினியில். சில ஆண்டுகளில் அரசின் வருவாயில் ஏறக்குறைய பாதி அதிலிருந்தே வந்தது. ரிக்‌ஷா இழுத்தவனும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும் உடல்வலி மறக்கப் புகைத்த காசில்தான் சாலைகள் போடப்பட்டன. மாளிகை கட்டியவர்கள் கொடையும் கொடுத்தார்கள், கல்லில் பெயரும் வெட்டிக்கொண்டார்கள். ஒளிக்கத் தெரிந்தவன் கட்டாத வரி ஒளிக்க முடியாதவன் தலையில் விழுகிறது. மாதந்தோறும் சம்பளத்திலேயே வரி பிடிக்கப்படும் ஆசிரியரும் தாதியும் எங்கே ஒளிப்பார்கள்? 2015இல் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியான ஜிஎஸ்டி வந்தபோது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, வருமான வரி கட்டுவோர் சிலரே என்பது. அன்று உங்கள் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே எல்லாரும் பொருமியிருப்பார்கள். நீங்களும் சேர்ந்து பொருமியிருப்பீர்கள்.

தமிழ்ப்பள்ளிக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பள்ளியின் ஆசிரியர்களுக்கு மாதச் சம்பளம் தருவது வரிப்பணம். உங்கள் நன்கொடை கூரையை மாற்றலாம், பாடம் நடத்தாது. கொடுக்க ஆசையிருந்தால் சட்டத்திலேயே வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட அமைப்புக்குத் தரும் பணத்தை மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். அதற்கு ரசீது வேண்டும், ரசீதுக்கு ஒழுங்கான கணக்கு வேண்டும். ரசீது கேட்காத கொடையாளியைத்தான் நம் நிர்வாகக் குழுக்களுக்கும் பிடிக்கிறது என்பது வேறு கதை.

வாரியம் தணிக்கைக்கு வருமுன் நீங்களே போய்ச் சொன்னால் தண்டம் குறையும். ஆனால் முதல் வேலை அதுவல்ல. வரும் மாதத்திலிருந்து ஊழியர்களின் சம்பளத்தை முழுதாகச் சீட்டில் எழுதுங்கள். விட்டுப்போன பழைய பங்கை எப்படிக் கட்டுவது என்று சேமநிதி அலுவலகத்தில் கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.