வீட்டுக் கடன் தவணை ஏன் கடைசி வரிசைக்குப் போனது?

கேள்வி: நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன், வயது 42. கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அவருக்கு 18,000 ரூபாய். 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினோம். 20 ஆண்டுகள், வட்டி 9 சதவீதம், தவணை 27,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம்பியின் துணிக்கடைக்காக அதே வங்கியில் என் பெயரில் 6 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் எடுத்தேன். தவணை 14,600 ரூபாய். அதைக் கட்டுவதாகச் சொன்ன தம்பியால் கட்ட முடியவில்லை. இன்றும் அவருடைய கடை வாடகைக்கு மாதம் 8,000 ரூபாய் கொடுத்து வருகிறேன். கிரெடிட் கார்டில் 2.4 லட்சம் ரூபாய் நிலுவை. குறைந்தபட்சத் தொகையாக மாதம் 12,000 ரூபாய் கட்டுகிறேன். செயலிகள் மூலம் எடுத்த இரண்டு கடன்களில் 90,000 ரூபாய் பாக்கி. அவற்றுக்கு மாதம் 15,000 ரூபாய் போகிறது. கடந்த இரண்டு வீட்டுக் கடன் தவணைகளைக் கட்ட முடியவில்லை. 780 ஆக இருந்த சிபில் ஸ்கோர் 611 ஆகிவிட்டது. 25,000 ரூபாய் கட்டணம் கொடுத்தால் எல்லாக் கடன்களையும் குறைந்த தொகைக்கு முடித்து, ஸ்கோரையும் சரிசெய்து தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. மனைவியின் நகையை விற்றால் 3 லட்சம் ரூபாய் வரும். அதைக் கடைக்காக அடமானம் வைத்துத் தரும்படி தம்பி கேட்கிறார். 'தம்பியைக் கைவிட்டுவிடாதே' என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் இருந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். வீட்டுக் கடன் 27,000, தனிநபர் கடன் 14,600, கார்டு 12,000, செயலிக் கடன்கள் 15,000, தம்பியின் கடை வாடகை 8,000. ஆக 76,600 ரூபாய். குடும்பச் செலவு 32,000 ரூபாய் என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 1,08,600 ரூபாய். வருமானமோ 80,000 ரூபாய். மாதம் துண்டு விழுவது 28,600 ரூபாய். ஏறக்குறைய ஒரு வீட்டுக் கடன் தவணையின் அளவு அது. கார்டு நிறுவனத்துக்குத் தவறாமல் கட்டுகிறீர்கள், செயலிக்காரர்களுக்குத் தவறாமல் கட்டுகிறீர்கள், தம்பிக்கும் தவறாமல் கொடுக்கிறீர்கள். தவறுவது வீட்டுக் கடன் ஒன்றுதான்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. செயலிக் கடன்காரர்கள் ஒரு நாளில் பல முறை அழைக்கிறார்கள், கார்டு வசூலிப்பாளர் அலுவலகத்துக்கே வருவதாகச் சொல்கிறார், தம்பி நேரில் வந்து நிற்கிறார், அம்மா கண் கலங்குகிறார். வீட்டுக் கடன் கொடுத்த வங்கியிலிருந்து மட்டும் இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. அழுத்திக் கேட்பவருக்கு முதலில் கொடுப்பது என்ற இந்தப் பழக்கத்தைத்தான் நீங்கள் இன்றைக்கே நிறுத்த வேண்டும். உங்கள் வருமானம் குறைவு என்றோ, செலவு அதிகம் என்றோ நான் சொல்லவில்லை. கட்டும் வரிசை தலைகீழாக இருக்கிறது.

வங்கி அமைதியாக இருப்பதற்குக் காரணம், அதன் கையில் உங்கள் வீட்டுப் பத்திரம் இருப்பதுதான். கார்டு நிறுவனமும் செயலியும் உங்களிடம் பணம் வசூலிக்க நீதிமன்றம், நடுவர் தீர்ப்பாயம் என்று அலைய வேண்டும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி வீட்டுக் கடன் வங்கிக்கு அந்த அலைச்சல் இல்லை. ஒரு தவணை கட்ட வேண்டிய நாளிலிருந்து 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக் கடனாகிவிடும். அதன்பின் சட்டத்தின் 13(2) பிரிவில் அறிவிப்பு வரும். அது நிலுவைத் தவணைகளை மட்டும் கேட்காது, முழுக் கடனையும் 60 நாள்களுக்குள் கட்டச் சொல்லும். கட்டாவிட்டால் வழக்குப் போடாமலேயே வீட்டைச் சுவாதீனம் எடுத்து ஏலம் விடும் வழி வங்கிக்குத் திறந்துவிடும்.

உங்களுடைய முதல் நிலுவைக்கு இப்போது 55 நாள் வயதாகிறது. ஆகவே 35 நாள் அவகாசம் மீதி இருக்கிறது. இந்த 35 நாளுக்குள் ஒரே ஒரு பழைய தவணையைக் கட்டினாலும், நாள் கணக்கு அடுத்த நிலுவையின் தேதியிலிருந்து எண்ணப்படும் என்பதால், உங்களுக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கணக்கு ஒருமுறை வாராக் கடன் ஆகிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது; நிலுவை முழுவதையும் கட்டிய பிறகுதான் அது மீண்டும் வழக்கமான கணக்காகும் என்று ரிசர்வ் வங்கி 2021-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். தம்பிக்காக எடுத்த தனிநபர் கடனும் அதே வங்கியில் இருக்கிறது. ஒருவரின் ஒரு கணக்கு வாராக் கடனானால் அந்த வங்கியில் அவருக்குள்ள மற்றக் கடன்களும் வாராக் கடனாகவே வகைப்படுத்தப்படும். எனவே 'அது தம்பியின் கடன், அவனே கட்டட்டும்' என்று அதை விட்டுவிடவும் உங்களால் முடியாது. வங்கியின் ஏட்டில் தம்பி என்று ஒருவர் இல்லை, கையெழுத்து உங்களுடையது.

வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைக்க வேண்டும் என்று நீங்கள் எங்கும் படித்திருப்பீர்கள். கார்டுக்கும் செயலிக்கும் முன்னுரிமை கொடுத்ததற்கு அதையே காரணமாகவும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாத் தவணைகளையும் கட்டிய பிறகு மீதிப் பணம் இருப்பவருக்கு அந்த விதி மிகச் சரியானது. துண்டு விழும் குடும்பத்துக்கு, எதை இழந்தால் மீட்க முடியாதோ அதுவே முதல் வரிசை. அதோடு, கார்டில் நீங்கள் கடனை அடைத்துக்கொண்டும் இல்லை. 2.4 லட்சத்துக்கு மாதம் 3.5 சதவீத வட்டி 8,400 ரூபாய், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 1,500 ரூபாய். நீங்கள் கட்டும் 12,000 ரூபாயில் அசலுக்குப் போவது 2,100 ரூபாய். அதே கார்டில் மளிகைக்கு 4,000 ரூபாய் தேய்த்தால், நிலுவை இருக்கும்வரை அந்தப் புதிய செலவுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டைப் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.

நகை விஷயத்துக்கு வருகிறேன். அது உங்கள் மனைவியின் சொத்து. முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், அவர் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் மட்டுமே பின்வரும் கணக்குப் பொருந்தும். அடமானம் வைத்தால் இன்னொரு வட்டி சேரும், ஆகையால் விற்பதே மேல். வரும் 3 லட்சத்தில் முதலில் வீட்டுக் கடன் நிலுவை இரண்டு தவணையும் கட்டணங்களுமாக 57,000 ரூபாய். அடுத்து செயலிக் கடன்கள் இரண்டையும் முழுதாக முடிக்க 90,000 ரூபாய். முடித்ததும் 'நிலுவை இல்லை' என்ற சான்றிதழை வாங்கிவிடுங்கள். ஒரு வீட்டுக் கடன் தவணை அளவுக்கு 27,000 ரூபாயைத் தனியாக வைத்துவிடுங்கள். மீதி 1,26,000 ரூபாயைக் கார்டில் கட்டினால் 1,14,000 ரூபாய் நிற்கும். அதை 24 மாதத் தவணையாக மாற்றும்படி கார்டு நிறுவனத்திடம் கேளுங்கள். 18 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 5,700 ரூபாய் வரும். இனி உங்கள் மாதக் கணக்கு: வீட்டுக்கு 27,000, தனிநபர் கடனுக்கு 14,600, கார்டுக்கு 5,700, குடும்பத்துக்கு 32,000, மொத்தம் 79,300 ரூபாய். வருமானம் 80,000 ரூபாய். மூச்சுவிட இடம் மிகக் குறைவுதான், ஆனால் எந்தத் தவணையும் தவறாது. இந்தக் கணக்கில் தம்பியின் கடை வாடகைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அந்த 8,000 ரூபாயை மீண்டும் எங்காவது நுழைத்தால் மூன்றே மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். மாதம் 8,000 ரூபாய் வாடகையையே ஈட்ட முடியாத கடைக்கு அடமானப் பணத்தைக் கொண்டுபோய்ப் போடுவது தம்பிக்கும் நல்லதல்ல. இன்னும் ஓராண்டு கடை நடக்கும், இன்னும் சில லட்சம் கடன் கூடும், அவ்வளவே. அம்மாவிடம் இந்தத் தாளைக் காட்டி, அவர் தூங்குகிற அறையும் சேர்ந்துதான் வங்கியில் அடமானமாக இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். தம்பி கடையை மூடிவிட்டு வேலைக்குப் போனால் மாதம் 5,000 ரூபாயாவது உங்கள் தனிநபர் கடன் தவணைக்குத் தரலாம். ஓசூர்ப் பகுதியில் வேலை தேடுவதற்கு உங்களால் அவருக்கு உதவ முடியும். உங்களிடம் கொடுப்பதற்குப் பணம் இல்லாத இந்த நேரத்தில் நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி அதுவே.

இப்போது அந்த 25,000 ரூபாய் நிறுவனம். இத்தகைய நிறுவனங்களின் விளம்பரங்கள் கைப்பேசியில் நிறையவே வருகின்றன, அவற்றைக் குறித்து எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அவர்கள் சொல்லும் வழி பெரும்பாலும் இதுதான்: எல்லாத் தவணைகளையும் நிறுத்துங்கள், கடன் கொடுத்தவர்கள் களைத்துப்போனதும் பாதித் தொகைக்குப் பேசி முடிப்போம். வீட்டுக் கடன் வைத்திருப்பவருக்கு இது ஆபத்தான யோசனை. மேலே சொன்ன 90 நாள் கடிகாரத்தை நீங்களே முடுக்கிவிடுவதாகும். கார்டுக் கடனைக் குறைத்து முடித்தாலும் கடன் அறிக்கையில் அது 'முடிக்கப்பட்டது' என்று பதியாது. 'செட்டில்டு' என்று பதியும், பல ஆண்டுகள் நிற்கும், அடுத்து எந்த வங்கியும் அதைப் பார்த்துத் தயங்கும். உண்மையான பதிவை அறிக்கையிலிருந்து அழிக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. தவறான பதிவைத் திருத்துவதற்கோ பணமே தேவையில்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்தால் அவற்றின் இணையதளத்திலேயே முறையிடலாம். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. செயலிக் கடன்களை முடித்த ஓரிரு மாதத்தில் அறிக்கையை எடுத்து, அவை மூடப்பட்டதாகக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். உங்கள் 611-ஐ உயர்த்தப்போவது இனி ஒவ்வொரு மாதமும் தேதி தவறாமல் கட்டும் தவணைகளே. தாமதமான நாள்களின் விவரம் அறிக்கையில் 36 மாதங்கள் தெரியும், ஆகவே பொறுமை வேண்டும். அந்தக் காலத்தில் புதிய கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

எல்லாக் கடன்களையும் வீட்டுக் கடனின் மேல் டாப்-அப் (அதே வீட்டின் பிணையில் கூடுதல் கடன்) எடுத்து ஒன்றாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், வட்டி குறைவதாக அவர் காட்டும் கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் தம்பியின் கடையும் உங்கள் கார்டும் அதோடு வீட்டின் தலையில் ஏறிவிடும். இன்று பிணையில்லாக் கடனாக இருப்பது நாளை பத்திரத்தோடு கட்டப்பட்ட கடனாகும். வேண்டாம்.

வங்கியிடம் கேட்க வேண்டியது வேறு. 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்பதால் உங்களுடையது பழைய எம்சிஎல்ஆர் முறையில், அதாவது வங்கி தன் நிதிச் செலவை வைத்து வட்டியை நிர்ணயிக்கும் முறையில், இருக்க வாய்ப்பு அதிகம். 2025-இல் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) 6.5-இலிருந்து 5.25 சதவீதத்துக்கு இறங்கியும் நீங்கள் 9 சதவீதத்திலேயே நிற்பது அதனால் இருக்கலாம். நிலுவையைக் கட்டிய பிறகு ரெப்போ அடிப்படைக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். பாக்கி சுமார் 24.8 லட்சத்துக்கு வட்டி 8 சதவீதமானால், மீதமுள்ள 13 ஆண்டுகளுக்குத் தவணை சுமார் 25,600 ரூபாயாகும். மாதம் 1,400 ரூபாய் மிச்சம். காலத்தை 18 ஆண்டாக நீட்டினால், இன்றைய வட்டியிலேயே தவணை 23,200 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள், உங்களுக்கு வயது 60 ஆகும்வரை கடன் இருக்கும். நிலுவை இருக்கும்போதே காலநீட்டிப்புக் கேட்டால் அது மறுசீரமைப்பாகக் கருதப்பட்டு அறிக்கையில் பதியக்கூடும். ஆகவே முதலில் நிலுவை, பிறகு வட்டி மாற்றம். காலநீட்டிப்பு கடைசி வழி. பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக் கடனுக்காக எடுக்கவும் விதிகளில் இடம் உண்டு. உங்கள் மனைவி நகையை விற்க விரும்பாவிட்டால் அதை விசாரியுங்கள்.

வசூலிப்பாளர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. உறவினர்களையும் சக ஊழியர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. மீறினால் தேதியும் நேரமும் குறித்து அந்த நிறுவனத்துக்கே முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கைப்பேசியிலிருந்து தொடர்பு எண்களை எடுத்து மிரட்டுகிற செயலி என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். யாருக்கும் வரப்போகும் தேதியிட்ட காசோலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது திரும்பினால் குற்ற வழக்காகிவிடும்.

நகையை விற்கத் தாமதமாகி 13(2) அறிவிப்பு வந்துவிட்டால், அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட வேண்டாம். 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்; வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். சுவாதீன நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அதற்கு வழக்கறிஞர் தேவை. ஆனால் உங்களுக்கு அந்தக் கட்டம் வர வேண்டிய அவசியமே இல்லை. இந்த வாரம் கிளைக்குப் போய், கணக்கு விவர அறிக்கை வாங்கி, கட்டணங்கள் ஒவ்வொன்றும் எதற்காக என்று கேளுங்கள். 2024-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி தாமதத்துக்கு அபராதக் கட்டணம் வசூலிக்கலாமே தவிர, அதை அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது. கையில் இருப்பது ஒரு தவணைக்குத்தான் போதும் என்றாலும் அன்றே அதைக் கட்டி ரசீது வாங்குங்கள். சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள் வீட்டுக் கடன் தவணை தானாகப் பிடித்தமாகும்படி தேதியை மாற்றித் தரக் கேளுங்கள்.