ரிஹானாவின் அழகுசாதனத் தொழில் வென்றதற்கு அவருடைய பாட்டுப் புகழ் மட்டும்தான் காரணமா?

புகழ் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் அவர் கைவைத்த எல்லாத் தொழிலும் ஓடியிருக்க வேண்டும். பிரான்சின் எல்விஎம்ஹெச் குழுமத்தோடு சேர்ந்து 2019 மே மாதத்தில் அவர் தொடங்கிய ‘ஃபென்டி’ என்ற உயர்விலை ஆடை நிறுவனம், இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 2021 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே குழுமத்தோடு 2017 செப்டம்பரில் தொடங்கிய ‘ஃபென்டி பியூட்டி’ என்ற அழகுசாதன நிறுவனமோ அவரைப் பெருஞ்செல்வராக்கியது. பெயரும் கூட்டாளியும் ஒன்றாக இருக்க, ஒன்று நின்றுபோய் மற்றொன்று வளர்ந்தது என்றால், வேறுபாட்டை விற்ற பொருளில்தான் தேட வேண்டும். கொரோனா காலம் ஆடைத் தொழிலுக்குக் கூடுதல் அடியாக விழுந்தது உண்மையே. ஆயினும் அந்த ஆடைகள் இல்லாததால் யாருக்கும் எந்தக் குறையும் இருக்கவில்லை என்பது என் எண்ணம். முகத்தில் அடித்தளமாகப் பூசும் தோல்நிறப் பூச்சான பவுண்டேஷன் விஷயம் அப்படியன்று.

அவருடைய இசைப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்படாஸ் தீவில் 1988இல் பிறந்த ராபின் ரிஹானா ஃபென்டி, தந்தை தெருவோரக் கடையில் துணி விற்றபோது உடன் நின்று விற்றுப் பழகியவர். 17 வயதில், 2005இல், முதல் ஆல்பத்தை வெளியிட்டு, 2012க்குள் ஏழு ஆல்பங்களை முடித்து, எட்டாவதான ‘ஆன்டி’யை 2016இல் தந்தார். ஒன்பது கிராமி விருதுகளும், அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த 14 பாடல்களும் அவர் கணக்கில் உள்ளன.

அழகுசாதனத்துக்கு முன்பே, 2014 இறுதியில், விளையாட்டுக் காலணி, ஆடை தயாரிக்கும் பூமா நிறுவனத்தின் பெண்கள் பிரிவுக்குப் படைப்பு இயக்குநராகப் பொறுப்பேற்றிருந்தார். பூமாவின் பழைய சூயிட் ஷூவுக்குத் தடித்த சோல் வைத்து 2015இல் அவர் கொண்டுவந்த ‘கிரீப்பர்’, அடுத்த ஆண்டு காலணித் துறை இதழ் ஒன்றின் ‘ஆண்டின் சிறந்த ஷூ’ விருதைப் பெற்றது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் உறவினர் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. சோலை மாற்றினால் மோல்டு முதல் விலை வரை எல்லாம் மாறும் என்பது இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். அதனால் அவர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை என்பதை அந்த ஷூவே சொல்கிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வேலூரில் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் மாநிறம் அல்லது அதைவிட அடர்ந்த நிறம். ஃபென்டி பியூட்டி வருவதற்கு முன் நாங்கள் வாங்க முடிந்த பவுண்டேஷன்களில் வெளிர் நிறத்துக்கு ஷேடுகள் நிறைய இருக்கும். அடர்நிறத்துக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் பெரிது. ஆகவே இரண்டு மூன்று ஷேடுகளைப் புறங்கையில் கலந்து, தாடை ஓரத்தில் கோடாக இழுத்து, காய்ந்த பிறகு கழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் முகத்தில் வைப்போம். ஈரமாக இருக்கும்போது பொருந்திய நிறம், வைகாசி முகூர்த்தத்தின் வேலூர் வெயிலில் வியர்வை பட்டதும் கறுத்து வேறாகிவிடும். எல்லாம் சரியாக வந்தாலும், மேடையில் பிளாஷ் அடித்தவுடன் முகம் மட்டும் சாம்பல் பூத்துக் கழுத்தும் கையும் வேறொருத்தியுடையவை போலத் தெரியும்.

இதற்குக் காரணம் தயாரிப்பில் இருக்கிறது. பவுண்டேஷனின் நிறம் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளையும் வெள்ளைக்கான டைட்டானியம் டை ஆக்சைடையும் சேர்க்கும் விகிதத்தில் அமைகிறது. வெளிர் நிறத்துக்காக உருவாக்கியதில் கறுப்பை மட்டும் கூட்டினால் சாம்பல்தான் கிடைக்கும். அடர்நிறத்துக்கு வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் அந்தந்தத் தோலின் அடிநிறத்துக்கேற்பத் தனியாக அமைக்க வேண்டும். அந்த உழைப்புக்குச் செலவாகும். அதைச் செய்யப் பெரும்பாலான நிறுவனங்கள் முன்வரவில்லை. ரிஹானாவின் நிறுவனம் தொடங்கிய அன்றே 40 ஷேடுகளை 17 நாடுகளில் ஒரே நேரத்தில் வைத்தது. பின்னர் 50 ஆக்கியது. மற்ற நிறுவனங்களும் அடுத்தடுத்துத் தங்கள் வரிசையை நீட்ட வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தின் பயன், ஃபென்டி குப்பியைத் தொட்டே பார்க்காத மணப்பெண்களுக்கும் கிடைத்திருக்கிறது. ஒரு பாடகியின் தொழிலை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுவே காரணம்.

பணத்தைப் பொறுத்தவரை, அவர் விளம்பரக் கூலி வாங்கிக்கொண்டு போகாமல் பங்குதாரராக இருந்ததுதான் முக்கியம். 2021 ஆகஸ்டில் ஃபோர்ப்ஸ் இதழ் அவருடைய சொத்தை 170 கோடி டாலர் என மதிப்பிட்டது; அதில் சுமார் 140 கோடி ஃபென்டி பியூட்டியில் அவருக்கிருந்த பாதிப் பங்கின் மதிப்பு. 2018இல் தொடங்கிய ‘சாவேஜ் எக்ஸ் ஃபென்டி’ உள்ளாடை நிறுவனம் அடுத்த நிலையில் இருந்தது. அதுவும் எல்லா உடல்வாகினருக்கும் அளவுகள் வைத்தே பெயர் எடுத்தது. நம் பக்கம் நயன்தாரா 2023இல் 9ஸ்கின் என்ற சருமப் பராமரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியதும் இந்த உரிமையாளர் வழியில்தான்.

புகழ் உதவவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை நிகழ்ச்சியில் பாடிக்கொண்டிருக்கும்போதே தம் நிறுவனத்தின் பவுடரை எடுத்துச் சில நொடிகள் முகத்தில் ஒற்றினாரே, அந்த இடம் வேறு எந்தத் தொழிலதிபருக்கும் கிடைக்காது. ஆனால் முதல் குப்பியை வாங்க வைப்பதோடு புகழின் வேலை முடிந்துவிடும். நிறம் பொருந்தாவிட்டால் இரண்டாவது குப்பியை யாரும் வாங்கமாட்டார்கள்.

எங்கள் ஊர்க் கடைகளில் இன்றும் அடர்நிற ஷேடுகள் போதிய அளவில் கிடைப்பதில்லை. கேட்டால் “டார்க் ஷேடு ஓடாதுக்கா” என்று சொல்கிறார்கள். அடுக்கில் இல்லாத ஷேடு எப்படி ஓடும்? அதனால் இப்போது திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே பெண்ணைக் கடைக்கு அழைத்துச் சென்று, தாடை ஓரத்தில் போட்டுப் பார்த்து, அவளுக்குரிய ஷேடின் பெயரைச் சொல்லி அவள் வாயாலேயே ஆர்டர் கொடுக்க வைக்கிறேன். சில கடைக்காரர்கள் இரண்டு குப்பி சேர்த்தே வரவழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.