வயதான பிறகு மலைச் சரிவில் மூட்டைகளைச் சாலைக்கு ஏற்ற எளிய வழி என்ன?

கேட்டவரின் தந்தைக்கு 67 வயது. கோத்தகிரிக்கு அருகே, சாலைக்குக் கீழே சரிவில் தோட்டம். உருளைக்கிழங்கு மூட்டைகளை இன்னமும் தோளில் சுமந்தே மேலே கொண்டுவருகிறாராம். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னால் மறுக்கிறாராம்.

எனக்கு 64. கேத்தி பள்ளத்தாக்கில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறேன். நானும் அப்படித்தான் மறுத்துக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு 45 கிலோ மூட்டையைக் குனிந்து எடுத்து, அதே வேகத்தில் இடுப்பைத் திருப்பிப் பிக்கப் வண்டியில் வைக்கப் போனேன். முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. அடுத்த ஆறு வாரமும் படுக்கைதான். அந்த ஆண்டு பாதிக் கிழங்கு மண்ணிலேயே கிடந்தது.

அப்போது என் அக்கா மகன் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து ஒரு காணொளி அனுப்பினான். அங்கே நவம்பரில் உரிமம் பெற்றவர்கள் மான் வேட்டைக்குப் போகிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நமக்கு வேட்டை தேவையுமில்லை. நான் பார்த்தது காணொளியில் வந்த வேட்டைக்காரரின் வேலை முறையை. எழுபதைத் தாண்டியவர். தன்னளவு எடையுள்ள மானைத் தனியாகவே வண்டியில் ஏற்றினார். முதலில் குடலை அங்கேயே நீக்கினார். அதிலேயே கணிசமான எடை குறைந்துவிடுகிறது. பிறகு உடலைத் தடித்த பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் கட்டி, கயிற்றை இடுப்புப் பட்டையில் மாட்டி, சருகின்மேல் இழுத்துவந்தார். வண்டிக்குச் சாய்வாக ஒரு பலகை வைத்து, கைப்பிடியைச் சுற்றிக் கம்பியை இழுக்கும் கைவின்ச்சால் ஏற்றினார். தொடக்கம் முதல் கடைசி வரை அவர் எதையும் தரையிலிருந்து தூக்கவேயில்லை.

அதைத்தான் நான் இங்கே செய்துபார்த்தேன். 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, முன்பக்கம் இரு துளையிட்டுக் கயிறு கோத்தேன். வீட்டில் அதைத் தோணி என்கிறோம். ஈரப் புல்லில் நன்றாக வழுக்கிவரும். கல் நிறைந்த காய்ந்த மண்ணில் இடறும். அதற்காகத் தோட்டத்தின் ஓரமாக இரண்டடி அகலத்தில் ஒரு புல் பாதை விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் விளைச்சல் போனாலும் வருத்தமில்லை.

சரிவு செங்குத்தாக இருந்தால் இடுப்பால் இழுக்கக் கூடாது. சாலையோரத்துச் சில்வர் ஓக் மரத்தில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டுங்கள். மறுநுனியைத் தோணியில் மாட்டிய கப்பிக்குள் விட்டுத் திருப்பி மேலே கொண்டுவந்து, சாலையில் நின்று இழுங்கள். ஏறக்குறையப் பாதி பலம் போதும். ஆனால் இரண்டு மடங்கு கயிறு வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் கையிலுள்ள கயிற்றை இன்னொரு மரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்தால் சுமை அங்கேயே நிற்கும். பட்டை உரியாமலிருக்க மரத்தில் சாக்கைச் சுற்றிவிடுங்கள். இழுக்கும்போது தோணிக்கு நேர் கீழே யாரும் நிற்கவே கூடாது. கயிறு நழுவி ஒரு மூட்டை மூன்று வரப்பைத் தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உதவியது மூட்டையைச் சிறிதாக்கியதுதான். மூட்டைக்கு 20, 22 கிலோவுக்கு மேல் போடுவதில்லை. சுமை தூக்குவது பற்றி அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் தந்த கணக்கில், எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதே உச்ச அளவு 23 கிலோதான். நமது சரிவும் சேறும் சாதகமான சூழல் ஆகாது. மேட்டுப்பாளையத்தில் நான் போடும் மண்டியில் முதலில் முணுமுணுத்தார்கள்; அங்கே 45 கிலோ மூட்டைதான் பழக்கம், ஏற்றுக்கூலியும் மூட்டைக் கணக்கில்தான். இரண்டு சிறிய மூட்டையை ஒன்றாகக் கணக்கிடலாம் என்று பேசி முடித்தேன். கேரட்டின் தழையையும் வயலிலேயே ஒடித்துவிட்டுத்தான் மூட்டை கட்டுகிறேன். குடலைக் காட்டிலேயே விட்டுவந்த அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்தது அது.

வண்டியில் ஏற்றுவதற்கு எட்டடிப் பலகை ஒன்று போதும். என் வண்டியின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி. நேராகத் தூக்குவதற்கு வேண்டிய பலத்தில் மூன்றில் ஒரு பங்கும், அதோடு உராய்வுக்கு வேண்டிய பலமும் கொடுத்தால் மூட்டை ஏறிவிடும். பலகையின் மேல்நுனியை வண்டியோடு கட்டிவிடுங்கள். கைவின்ச் வாங்கினால், கம்பி இறுகி நிற்கும்போது அதன்மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, கம்பியின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள். அறுந்தால் கம்பி சவுக்குப் போலத் திரும்பி அடிக்கும்.

உங்கள் தந்தையிடம் வயதைப் பற்றிப் பேசாதீர்கள். அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கவில்லை. டிரம்மை அறுத்துக் கயிறு கட்டித் தோட்டத்தில் வைத்துவிட்டு, முதல் நான்கு மூட்டையை நீங்களே இழுங்கள். ஐந்தாவதை அவர் உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். என் மகன் என்னிடம் அப்படித்தான் செய்தான். டிரம் வாங்கும்போது அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து இருந்த டிரம் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.