பொறியல்ல, படி

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் மகளை மத்தியப் பிரதேசத்தின் குகுவா புதைபடிவப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறேன். கல்லாகிப்போன பனைகளின் படத்தைக் காட்டியதும், "எரிமலைக் குழம்பு எல்லாவற்றையும் எரித்திருக்குமே, மரம் எப்படித் தப்பியது?" என்று கேட்டாள். தக்காணப் பொறி பற்றித் தேடிப் படித்தும் பதில் சொல்லத் தெரியவில்லை. டைனோசர்களை அழித்தது இந்த எரிமலைதானா? அங்கிருந்து சின்னக் கல் ஒன்று எடுத்து வரலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேள்வி உங்கள் மகளுடையது, 'பொறி' உங்களுடையது. அவளுக்கு என் அன்பு. உங்களிடம்தான் சண்டை.

தக்காணத்து எரிமலைப் பாறைப் பரப்புக்கு ஆங்கிலத்தில் 'டெக்கான் டிராப்ஸ்' என்று பெயர். 'டிராப்' என்றதும் எலிப்பொறியை நினைத்துக்கொண்டீர்கள். பாறைக்கு அந்தப் பெயர் ஸ்வீடிஷ் மொழியிலிருந்து வந்தது. அங்கே 'டிரப்பா' என்றால் படிக்கட்டு. மகாராஷ்டிர மலைகளைப் பக்கவாட்டில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, அடுக்கடுக்காகப் படிகள் தெரியும். அகராதியில் முதலில் கண்ட பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தால் மலை எலி பிடிக்கக் கிளம்பிவிடும். இதை நான் சொல் விளையாட்டாகச் சொல்லவில்லை. பொறி என்று நினைத்ததால்தான் உங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஏனென்றால் ஒவ்வொரு படியும் தனித்தனிக் குழம்பு. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் நீண்ட பிளவுகள் வழியாகக் குழம்பு வழிந்து பரவியது. நாம் படம் வரையும் கூம்பு மலையை மறந்துவிடுங்கள். இன்று மிஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் தடிமன் 2 கிலோமீட்டரைத் தாண்டும். இவ்வளவும் ஒரே இரவில் கொட்டியதில்லை. வழியும், ஆறும், ஓயும். அந்த ஓய்வு சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீண்டது.

பல ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், புனேயிலிருந்து மும்பைக்கு ரயிலில் மலையிறங்கிக்கொண்டிருந்தேன். கரும்பாறைக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை கூடவே ஓடி வந்தது. தண்டவாளம் போட்டவர்கள் ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். சுரங்கத்தைத் தாண்டினால் மறுபடியும் அதே சிவப்பு. என் கவலையெல்லாம் ரயில் தாமதத்தில் இருந்தது. அப்படிப்பட்ட பட்டைகள் பல, ஒரு குழம்பு ஆறி, உளுத்து, மண்ணாகி, அடுத்த குழம்பின் அடியில் மாட்டிக்கொண்ட பழைய நிலம் என்று பின்னால் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய உலகத்தின் தரை ஓடியிருக்கிறது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தத் தரையில் பள்ளங்கள் இருந்தன. பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. தண்ணீரோரம் பனை முளைத்தது, நத்தை ஊர்ந்தது, தவளை கத்தியது. ஆம், தவளை! மும்பையின் வொர்லிக் குன்றில், படிகளுக்கு இடைப்பட்ட படிவில், சின்னஞ்சிறு தவளைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1847இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் அவற்றுக்குப் பெயர் வைத்தார். குழம்பு அவற்றைத் துரத்தவில்லை. அவை வாழ்ந்து, செத்து, சேற்றில் புதைந்த பிறகுதான் அடுத்த படி மேலே வந்து மூடியது. உங்கள் மகளின் பனையும் அப்படித்தான். தண்ணீரில் கரைந்து வந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறி, செல் செல்லாகப் படிந்து அதைக் கல்லாக்கியது. அதனால்தான் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் இன்றும் செல் சுவர் தெரிகிறது. புதைபடிவத் தாவரங்களை ஆராய்ந்த பீர்பல் சாஹ்னி போன்றவர்கள் இந்தக் கற்களிலிருந்து தாவரவியல் படித்தார்கள்.

டைனோசர் விவகாரம் பெரிய வழக்கு. விண்கல்லின் மேல்தான் குற்றச்சாட்டு கனமாக இருக்கிறது. எரிமலையும் கூண்டில் நிற்கிறது. அதற்குமேல் என்னை இழுக்காதீர்கள். டைனோசர் இல்லாமல் ஒரு பழங்காலமும் நமக்கு ருசிப்பதில்லை என்பது வேறு எரிச்சல்.

குகுவாவுக்குக் கட்டாயம் போங்கள். அந்த மரங்களைக் கவனித்து வெளியே சொன்னவர் மண்டலா மாவட்டத்துப் புள்ளியியல் அதிகாரி ஒருவர் என்பதை மகளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

கல் எடுத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அவள் அழுதாலும் கூடாது.